காற்றுக்கும் கட்டணமா?

மருத்துவமனை ஒன்றுக்கு அடிக்கல் நாட்டுகிறார்கள் என்றால் ஊரே திரள்கிறது. தோரணம் ஆடுகிறது, மேளம் முழங்குகிறது, மேடையிலே எண்கள் அணிவகுக்கின்றன. இத்தனை கோடி ரூபாய், இத்தனை படுக்கைகள், இத்தனை மாடிகள்! கேட்கும்போதே நெஞ்சம் நிறைகிறது. நிறையத்தான் வேண்டும். ஏழைக்கு மருத்துவம் இரந்து பெறும் பிச்சையன்று, அவன் உரிமை என்று ஊர்தோறும் முழங்கிய இயக்கத்தவர் நாம். அந்த உரிமை கல்லும் கம்பியுமாக எழுந்து நிற்கக் காண்பது நமக்கு இன்பமன்றோ?

ஆயினும், அணிவகுத்த அந்த எண்களிலே ஓர் எண் மட்டும் இடம் பெறுவதே இல்லை. சித்திரை மாதத்துப் பிற்பகலில், மேல்மாடிப் பொது வார்டில், மேற்குச் சுவரோரக் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் தலைமாட்டில் வெப்பம் எத்தனை டிகிரி இருக்கும்? அவர் மூச்சுக்கு மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்று வந்து சேரும்? இதை மேடையில் இருப்போர் கூறுவதில்லை. கீழே நின்று கையொலி எழுப்பும் நாமும் கேட்பதில்லை.

கேட்டால் நகைப்பார்கள். "கட்டி முடிக்காத கட்டடத்தின் வெப்பத்தை யாரய்யா அளப்பது?" என்பார்கள். அளக்கலாம், தோழர்களே! முதற் செங்கல் வைக்கும் முன்பே அளக்கலாம். கணிப்பொறிக்குள் அந்தக் கட்டடத்தை எழுப்பி, அதன்மேல் ஓராண்டு வெயிலைப் பொழிந்து, ஓராண்டுக் காற்றை வீசச் செய்து, எந்த அறை வேகும், எந்த அறை குளிரும், மின்கட்டணம் என்ன ஆகும் என்று முன்னதாகவே கண்டுவிடலாம். அந்தக் கணக்கைப் போடாமல் மக்கள் பணத்தில் மருத்துவமனை எழுப்புவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கத்தியை எடுக்கும் அறுவை மருத்துவருக்கு ஒப்பாகும். இன்று நாம் பேச வேண்டிய செய்தி இதுதான்.

மருத்துவமனை மற்றக் கட்டடங்களைப் போன்றதன்று. அலுவலகம் மாலையில் உறங்கும். பள்ளிக்குக் கோடையில் விடுமுறை உண்டு. மருத்துவமனைக்கு இரவும் இல்லை, ஞாயிறும் இல்லை. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மின்தூக்கி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மருந்தையும் குருதியையும் காக்கும் குளிர்பெட்டிகள் ஒரு நொடியும் ஓயா. அறுவைக் கூடத்துக்குள் செல்லும் காற்றை வடிகட்ட வேண்டும். ஈரம் போக்க அளவுக்கு மிஞ்சிக் குளிர்விக்க வேண்டும். பின்னர் அதையே மீண்டும் சற்றுச் சூடாக்க வேண்டும். ஆகவேதான், சதுர அடிக்குச் சதுர அடி ஒப்பிட்டால், அலுவலகத்தைவிட மருத்துவமனை மிகுதியான மின்சாரத்தை உண்ணுகிறது. உலகத்தை வெப்பமாக்கும் வளிகளில் ஏறத்தாழ 4.4 விழுக்காடு, மருந்து உற்பத்தி முதல் கட்டடம் வரை அடங்கிய மருத்துவத் துறையால் விளைகிறது என்று 2019-இல் வெளிவந்த ஆய்வறிக்கை ஒன்று கணக்கிட்டது. நோய் தீர்க்க எழுந்த துறையே, நோய் வளர்க்கும் வெப்பத்துக்கும் விறகு இடுகிறது!

இந்த மின்சாரத்துக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? மாத்திரை வாங்கும் அதே கருவூலத்திலிருந்துதான். கட்டடச் செலவு ஒருமுறை. மின்கட்டணமோ கட்டடம் நிற்கும் நாள் மட்டும் மாதந்தோறும் வரும். தவறான திசையில் வைத்த ஒரு கண்ணாடிச் சுவர், 50 ஆண்டுகளுக்கு அரசின் பையில் கையை விட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பணத்தில் எத்தனை செவிலியரை அமர்த்தியிருக்கலாம்!

செலவைக் குறைக்க நாடாள்வோர் அறிந்த வழி ஒன்று உண்டு. கட்டண வார்டுக்கு ஏ.சி.; பொது வார்டுக்கு மின்விசிறி. பணம் உள்ளவனுக்குக் குளிர், இல்லாதவனுக்கு வேர்வை! மருந்துக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்த கைகளே காற்றுக்குக் கட்டணம் விதித்துவிட்டன என்பதை யாரும் உணர்வதில்லை. எல்லா வார்டுக்கும் ஏ.சி. பொருத்தினால் மின்கட்டணம் விழுங்கிவிடும். பொருத்தாவிட்டால் ஏழை வேகிறான். இந்த இரு முட்களுக்கும் நடுவே வழி உண்டா? உண்டு. ஏ.சி. இல்லாமலே குளிரும் வார்டைக் கட்டுவதுதான் அந்த வழி. அதைக் குருட்டாம்போக்கில் கட்ட இயலாது. கணக்கிட்டே கட்ட வேண்டும்.

அந்தக் கணக்கு மாயமும் அன்று, மந்திரமும் அன்று. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் அந்த ஊரின் வெயில், வெப்பம், ஈரம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றைக் கணிப்பொறிக்கு ஊட்டுகிறார்கள். சுவரின் கனம், கூரையின் நிறம், சன்னலின் அகலம், உள்ளே எரியும் விளக்கு, ஓடும் பொறி, இருக்கும் ஆட்கள் அனைத்தையும் சேர்க்கிறார்கள். ஓய்வாக அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவனே ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறான். அதுவும் கணக்கில் ஏறுகிறது. 8,760 மணிக்கும் கூட்டிக் கழித்து, இன்ன அறையில் இன்ன நாளில் இத்தனை டிகிரி என்று பொறி விடை தருகிறது. காற்றோட்டத்துக்கு வேறொரு கணக்கு. வார்டின் வெளியைப் பல லட்சம் சிறு கட்டங்களாகப் பகுத்து, நேவியர் 1822-இலும் ஸ்டோக்ஸ் 1845-இலும் வகுத்தளித்த சமன்பாடுகளை ஒவ்வொரு கட்டத்திலும் தீர்த்து, எந்தக் கட்டிலின்மேல் காற்று தவழும், எந்த மூலையில் அது தேங்கும் என்று வரைந்து காட்டுகிறார்கள். சுவரை இடித்துத் திருத்துவது கடினம். திரையில் கோட்டை அழித்து வரைவது எளிது. சிறப்பு அனைத்தும் அதில்தான் அடங்கியுள்ளது.

"இதெல்லாம் எதற்கு? நல்லதொரு மாதிரிப் படம் இருந்தால் நாடெங்கும் அதையே கட்டலாமே" என்று கூறும் அறிவாளிகள் உண்டு. அவர்களுக்கு ஞாயிறே விடை கூறுகிறது. டில்லி ஏறத்தாழ 28.6 டிகிரி வடக்கில் உள்ளது. சென்னை 13 டிகிரியில் உள்ளது. ஞாயிறு வடக்கே செல்லும் எல்லையோ 23.4 டிகிரி. ஆகவே டில்லியில் ஆண்டின் எந்த நாளிலும் நண்பகல் ஞாயிறு தென்புறத்திலேயே நிற்கும். வடக்குச் சுவருக்கு உச்சிவெயில் இல்லை. சென்னையிலோ ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகல் ஞாயிறு வடபுறம் சாய்ந்து நிற்கிறது. டில்லியில் வெறுமனே விடக்கூடிய சன்னலுக்குச் சென்னையில் மேல்நிழல் வேண்டும். டில்லியின் வறண்ட அனலுக்கு வகுத்த முறை, சென்னையின் ஈரப் புழுக்கத்துக்கு உதவாது. கோடைப் பிற்பகலில் கிழக்கேயிருந்து கடற்காற்று நம்மைத் தேடி வருகிறது. அதை வரவேற்க வாயில் வைக்காத படத்தை எந்தத் தலைநகரில் வரைந்தால் என்ன? நம் மாநிலத்துக்குள்ளேயும் வேலூரின் வெயில் வேறு, உதகையின் குளிர் வேறு. ஞாயிறு எந்த நடுவண் ஆணைக்கும் கட்டுப்படுவதில்லை, தோழர்களே! ஊருக்கேற்ற கணக்கு, ஊரிலேதான் போடப்பட வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணிவிட வேண்டா. கடல் கடந்து சிங்கப்பூரைப் பாருங்கள். தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் நாடு அது. புவியின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுதும் அங்கே வெக்கையும் ஈரமும். ஏ.சி. இன்றி அமையாத ஊர் என்று பெயரெடுத்த அந்நாட்டின் வடபகுதியில், ஈசூன் குளக்கரையில், 2010-இல் கூ டெக் புவாட் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அரசின் மானியம் பெறும் எளியோர் வார்டுகளை இயற்கைக் காற்றிலேயே இயங்க வைப்பது என்று முடிவு செய்தார்கள்.

அந்த முடிவோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் கட்டடத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். கணிப்பொறியில் காற்றோட்டத்தைக் கணக்கிட்டார்கள். காற்று எத்திசையிலிருந்து வருகிறது என்று கண்டு, கட்டடத்தைக் குளத்தின் பக்கம் கை விரித்தாற்போல் திறந்து வைத்தார்கள். வெளிச்சுவரில் இறக்கைபோல் தகடுகளை நீட்டி, விலகி ஓடும் காற்றையும் மறித்து வார்டுக்குள் திருப்பினார்கள். சன்னலுக்கு வெளியே பலகைகளை அமைத்து, வெயிலைத் தடுத்து, ஒளியை மட்டும் மேற்கூரைக்கு எறிந்து உட்புறம் பரவச் செய்தார்கள். மாடிகளெங்கும் செடிகொடிகளை வளர்த்தார்கள்.

அங்கேயும் கட்டண வார்டுக்கு ஏ.சி. உண்டு, பணப்பைக்கேற்ற பிரிவினை அங்கேயும் ஒழிந்துவிடவில்லை. அதை நாம் போற்றவில்லை. ஆயின் ஒன்றைக் கவனியுங்கள். ஏ.சி. இல்லாத வார்டு என்றால் கவனிப்பாரற்ற வார்டு என்று அவர்கள் பொருள் கொள்ளவில்லை. கணிப்பொறியின் முழுத் திறனையும் எளியோர் வார்டுக்கே முதலில் செலவிட்டார்கள். நம்மவர் ஏ.சி. வைக்காத இடத்தில் அறிவையும் வைப்பதில்லை, அவர்கள் ஏ.சி. வைக்காத இடத்தில் அறிவை வைத்தார்கள். வேறுபாடு அதுதான்.

"எங்கள் பாட்டன் காலத்து மருத்துவமனையில் கணிப்பொறி ஏது? உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் போதாவோ?" என்று கேட்கும் முதியவர்கள் உண்டு. அவர்கள் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில், இருபுறமும் சன்னல் கொண்ட ஒடுங்கிய நீண்ட வார்டையே வற்புறுத்தினார். பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு மருத்துவமனைகளில் காற்றோட்டத்தை அளந்து 2007-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவர் கருத்துக்கு எண்களால் முடிசூட்டியது. கதவும் சன்னலும் திறந்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது. எந்திரக் காற்றோட்ட அறைக்கு விதிக்கப்பட்ட அளவோ 12 முறைதான். உயர்ந்த கூரையும் பெரிய சன்னலும் கொண்ட பழைய கட்டடங்களில் 40 முறை. புதுக் கட்டடங்களில் 17 முறை! காசநோய் தொற்றும் ஆபத்தும் பழைய கட்டடங்களிலேயே குறைவு என்று அந்த ஆய்வினர் கணக்கிட்டனர்.

அப்படியாயின் பழையபடியே கட்டலாமே என்றால், பாட்டன் காலத்து நிலம் எங்கே? அன்று பரந்த தோட்டத்தின் நடுவே ஒற்றை மாடி. இன்று நெருக்கிய நகரத்தின் நடுவே பல மாடி. பக்கத்துக் கட்டடம் காற்றை மறிக்கிறது. எதிர்க் கட்டடத்தின் கண்ணாடி வெயிலை எறிகிறது. சாலையின் புகையும் இரைச்சலும் சன்னலை மூடச் சொல்கின்றன. பாட்டனுக்குப் பட்டறிவு போதியதாயிருந்தது. பேரனுக்குக் கணக்கும் வேண்டும். பழமையின் நற்பண்பைப் புதிய நெருக்கடிக்குள் காப்பாற்றித் தருவதே இந்தப் புதுக் கருவியின் வேலை.

காற்றைச் சிக்கனத்துக்கு மட்டும் பேசுகிறோம் என்று எண்ணாதீர்கள், உயிருக்காகவும் பேசுகிறோம். உலக நல்வாழ்வு நிறுவனம் 2009-இல் வகுத்த நெறியின்படி, இயற்கைக் காற்றோட்டமுள்ள பொது வார்டில் நோயாளி ஒருவருக்கு வினாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும்; காற்றில் பரவும் தொற்றுடையோரை வைக்கும் அறைக்கு 160 லிட்டர் வேண்டும். 2020-இல் கொரோனா வந்து உலகின் கழுத்தை நெரித்தபோது, மூடிய அறையில் தேங்கிய காற்று என்ன செய்யும் என்பதைக் கண்ணீரோடு கற்றோம். அந்தப் பாடத்தைக் கட்டட வரைபடத்தில் எழுதாமல் வேறெங்கே எழுதுவது?

மாற்றார் மற்றொன்றும் கூறுவர். "சிங்கப்பூர் செல்வச் சீமை, நமக்குப் படுக்கைகளே போதவில்லை, காற்றுக் கணக்கு நமக்கேன்?" என்பர். ருவாண்டாவைக் காட்டுவோம். ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளுள் ஒன்றான அங்கே, மலைச்சரிவிலுள்ள புட்டாரோ என்னும் ஊரில் 2011-இல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. நெரிசலான உள்தாழ்வாரத்தில் காத்திருப்போரிடையே காசநோய் பரவும் என்பதால் தாழ்வாரத்தைக் கட்டடத்துக்கு வெளியே வைத்தார்கள். உயரத்தில் சன்னல்களும் அகன்ற விசிறிகளும் அமைத்து, வெப்பக் காற்றை மேலே வெளியேற்றினார்கள். உள்ளூர் எரிமலைக் கல்லால், உள்ளூர் உழைப்பாளரின் கையால் கட்டினார்கள். ஏழை நாடு என்பதால் எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிப் பார்க்காமல் கட்டும் ஊதாரித்தனம் ஏழைக்குக் கட்டுபடியாகாது!

கணக்கிடும் கருவிக்குக் கோடிகள் வேண்டுமோ என்றால், அதுவும் இல்லை. கட்டடத்தின் வெப்பத்தையும் மின்செலவையும் கணக்கிடும் 'எனர்ஜிபிளஸ்' என்னும் நிரலை அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை 2001-இல் வெளியிட்டது. எவரும் விலையின்றி எடுத்தாளலாம். காற்றோட்டத்தைக் கணக்கிடும் 'ஓப்பன்ஃபோம்' நிரலும் 2004 முதல் பொதுவுடைமையாகக் கிடைக்கிறது. நம் பொறியியல் கல்லூரிகளிலும் கட்டடக்கலைக் கல்லூரிகளிலும் இதைக் கற்கக்கூடிய பிள்ளைகள் ஆயிரமாயிரம். கருவி இலவசம், அறிவு நம்முடையது, குறைவது ஆணை ஒன்றுதான்.

"கூரையில் சூரியத் தகடு பதித்துவிட்டோமே" என்று கூறித் தப்பிப்போரும் உண்டு. தகடு வேண்டும், வரவேற்போம். ஆயினும் பல மாடிக் கட்டடத்துக்கு ஒரே கூரைதான். ஓட்டைப் பானையை அடைக்காமல் கிணற்றை ஆழப்படுத்துவோர் செயலுக்கு இது நிகர். முதலில் ஓட்டையை அடையுங்கள். பின்னர் நீர் இறையுங்கள்.

இவ்வளவு போற்றினோம் என்பதற்காகக் கணிப்பொறியைக் கடவுளாக்கிக் கற்பூரம் காட்ட வேண்டா. பகுத்தறிவாளர்க்கு அது அழகன்று. பொய்யை ஊட்டினால் அந்தப் பொறி பொய்யையே உமிழும். அயல்நாட்டு வழக்கப்படி, கட்டிலுக்கு ஒரு நோயாளி என்று மட்டும் கணக்கில் எழுதினால் என்ன ஆகும்? நம் ஊரில் நோயாளியோடு தாய் வருவாள், மனைவி வருவாள், மாலையில் சுற்றமே வரும். 40 கட்டில் கொண்ட வார்டில் துணைக்கு ஒருவர் வீதம் இருந்தாலே 80 பேர். அவர்கள் உடல் வெப்பம் மட்டும் ஏறத்தாழ 8,000 வாட்! திரையிலே குளிர்ந்த வார்டு தரையிலே கொதிக்கும். ஆகவே வரைபடம் போடுவோர், இரவு முழுதும் அந்த வார்டில் நிற்கும் செவிலியரைக் கேட்க வேண்டும். துப்புரவுப் பணியாளரைக் கேட்க வேண்டும். எந்தச் சன்னலைக் கொசுவுக்கு அஞ்சி மூடுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லா இடத்திலும் ஏ.சி.யை அகற்றுக என்றும் நாம் கூறவில்லை. அறுவைக் கூடத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் எந்திரக் குளிரும் வடிகட்டிய காற்றும் இன்றியமையாதவை. அங்கேயும் கணக்கு கை கொடுக்கும். காற்றோட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் விசிறி உண்ணும் மின்சாரம், கணக்கின்படி, எட்டில் ஒரு பங்காகச் சுருங்கும். அறுவை நடவாத நள்ளிரவில் முழு வேகத்தில் சுழலும் விசிறி யாருக்காகச் சுழல்கிறது? வேண்டிய இடத்தில், வேண்டிய அளவில் தருவதே சிக்கனம். வேண்டியவனுக்கு மறுப்பது கஞ்சத்தனம். இரண்டையும் நாம் குழப்பிக்கொள்ளலாகாது.

இனி நாம் கேட்க வேண்டியவை என்ன? இந்திய அரசு கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதிகளை 2007-இல் வகுத்தது, 2017-இல் திருத்தியது. அந்த விதிகளைத் தத்தம் தட்பவெப்பத்துக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்ளும் உரிமையை 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் மாநிலங்களுக்கே அளித்துள்ளது. கையில் உள்ள உரிமையைப் பயன்படுத்தாதவன், இல்லாத உரிமைக்குக் குரல் கொடுத்துப் பயன் என்ன? மாநிலத்தின் அந்த உரிமை, ஏழையின் வார்டுக்கு அரணாக வேண்டும்.

முதலாவது, அரசு மருத்துவமனை எதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே, ஆண்டு முழுமைக்குமான கணக்கு வார்டு வார்டாகப் போடப்பட வேண்டும், ஏ.சி. அறைகளுக்கு மட்டுமின்றி ஏ.சி. இல்லாத ஒவ்வொரு வார்டுக்கும் போடப்பட வேண்டும். இரண்டாவது, பொது வார்டில் வெப்பம் இதற்கு மேல் ஏறலாகாது, காற்று இதற்குக் கீழ் குறையலாகாது என்று எல்லை வகுத்து விதியாக்க வேண்டும். மூன்றாவது, அந்தக் கணக்கைத் தமிழில், எளிய நடையில், மக்கள் காண வெளியிட வேண்டும். நான்காவது, திறந்து ஓராண்டு ஆனதும் மின்மானியையும் வெப்பமானியையும் கணக்கோடு ஒப்பிட்டு, தவறியது எங்கே என்று அறிவிக்க வேண்டும். கணக்கு கூறிய சிக்கனம் கட்டடத்தில் கிட்டாமற்போவது உலகெங்கும் கண்ட குறை. ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி அது திருந்தாது.

தோழர்களே! ஆளும் கட்சியாக இருப்பினும் எதிர்க்கட்சியாக இருப்பினும் இவற்றைக் கேட்கும் கடமை நமக்கு உண்டு. நம் ஆட்சியில் நாம் கேட்டால் அது குறை கூறுவது ஆகாது. நம் கொள்கையை நாமே காப்பது ஆகும். உங்கள் ஊரில் மருத்துவமனை எழப்போகிறது என்று செய்தி வந்தால், படுக்கை எத்தனை என்று கேட்பதோடு நிற்காதீர்கள். மேற்கு வெயிலுக்கு என்ன தடுப்பு, பொது வார்டுக்குக் காற்று எவ்வழி, கணக்கு எங்கே என்று கேளுங்கள். ஊராட்சிக் கூட்டத்தில் கேளுங்கள்; நகராட்சி மன்றத்தில் கேளுங்கள்; சட்டமன்ற உறுப்பினரிடம் எழுதிக் கேளுங்கள்.

கோயிலுக்குள்ளும் குளத்துக்கும் எல்லாரும் செல்லலாம் என்பதற்கு நம் முன்னோர் போராட வேண்டியிருந்தது. நீரில் நிகழ்ந்த அந்தப் பிரிவினை நம் கண்ணெதிரே காற்றில் நிகழ நாம் ஒப்பலாமா? இலவச வார்டு என்பது இரண்டாந்தர வார்டு அன்று என்று, கணக்கோடும் கட்டடத்தோடும் மெய்ப்பித்துக் காட்டும் நாள் வர வேண்டும். அந்நாளை விரைவில் கொணர்வது நம் கையில் இருக்கிறது.